பிரவுசரை வன்னிப் பாவனைக்குத் திருத்துவது எப்படி

போன கிழமை ஒரு அம்மா கடைக்குள் வந்து, போனை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். "பிள்ளை, இதுக்கு என்னவோ பிடிச்சிட்டுது. பத்து நிமிசத்துக்கு ஒருக்காக் கத்துது. வைரஸ் எண்டுது, காசு விழுந்திருக்கு எண்டுது, ஆரோ பொம்பிளை கதைக்கக் கூப்பிடுறாளாம். மருமோன் பார்த்தா என்ன நினைப்பான்?"

போனில் வைரஸ் ஒன்றும் இல்லை. கனடாவில் இறந்த சொந்தக்காரர் ஒருவரின் மரண அறிவித்தலைத் தேடி ஏதோ ஒரு தளத்துக்குப் போயிருக்கிறார். படம் தெரிவதற்கு முன் "அலவ்" என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. அதை அமத்தினால்தான் உள்ளே விடுவார்கள் என்று நினைத்து அமத்தியிருக்கிறார். அங்கிருந்து வேறு பக்கத்துக்குத் தள்ளிவிட, அங்கேயும் அலவ். இப்படி மூன்று இடத்தில். அந்த மூன்று தளமும்தான் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தன.

வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் 2012 இலிருந்து ஒரு சின்னக் கொமினிக்கேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, பிரின்ட், ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, இதுதான் பிழைப்பு. 2022 இல் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தபோது வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள் வரிசையை இன்னும் மறக்கவில்லை. "போன் பழுது" என்று என்னிடம் வருகிறவற்றில் பாதி பழுதே இல்லை. பிரவுசரில், அதாவது இணையத் தளங்களைத் திறக்கிற அப்பில், இரண்டு செட்டிங்கை மாற்றினால் சரி. பிரவுசரைச் செய்தவர்கள் ஒரு ஆளுக்கு ஒரு போன், அளவில்லாத டேட்டா, எந்நேரமும் நிறைந்த சிக்னல் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள் போல. இங்கே ஒரு போன் அம்மாவின் வெளிநாட்டுக் கதைக்கும், பிள்ளையின் ரியூசனுக்கும், அப்பாவின் வயல் அலுவலுக்கும் பொது. டேட்டா வெள்ளிக்கிழமையே முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு போச்சு. வாங்கி வந்தபடியே விட்டால் அது எங்களுக்குப் பொருந்தாது. அதனால் கடையில் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெரும்பாலும் அன்ரொயிட் போனில் இருக்கும் குரோமைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் என் மேசைக்கு வருகிற பத்துப் போனில் ஒன்பதில் அதுதான் இருக்கிறது. எல்லாரும் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள், ஆகவே மெனுவில் இருக்கும் பெயர்களை அந்த உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். குரோமின் வலப்பக்க மேல் மூலையில் நிற்கிற மூன்று புள்ளிதான் எல்லாவற்றுக்கும் வாசல். "மூன்று புள்ளி" என்று நான் எங்கே எழுதினாலும் அதுதான். போனின் வயதைப் பொறுத்து ஒரு சொல் இப்படி அப்படி மாறியிருக்கலாம், பதற வேண்டாம்.

கத்துகிற போன்

மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ். உள்ளே போனால் நீங்கள் எப்போதோ அலவ் கொடுத்த தளங்களின் பட்டியல் நிற்கும். அந்த அம்மாவின் பட்டியலில் மூன்றுதான். ஒரு ரியூசன் பெடியனின் போனில் முப்பதுக்கு மேல் எண்ணினேன். பெயர் தெரியாத தளத்தைத் தட்டி பிளொக் கொடுங்கள். எது நல்லது எது கெட்டது என்று யோசித்து மினக்கெடத் தேவையில்லை. அறிவிப்பு வராவிட்டால் செத்துப்போகிற அளவுக்கு முக்கியமான தளம் ஒன்றும் அதில் இருக்காது. வட்சப், வைபர், வங்கியின் குறுஞ்செய்தி எல்லாம் வேறு வழியால் வருபவை, இதில் கை வைத்தாலும் அவை நிற்காது.

அதே பக்கத்தின் மேலே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் இனி எந்தத் தளமும் அலவ் கேட்டு வராது. வீட்டில் வயதானவர்கள் பாவிக்கிற போன் என்றால் கேள்வியில்லாமல் அணையுங்கள். புதிய குரோமில், வந்து விழுகிற அறிவிப்பின் கீழேயே அன்சப்ஸ்கிரைப் என்று ஒரு சொல் வருவதும் உண்டு, அதைத் தட்டினாலும் அந்தத் தளம் ஓயும்.

இன்னொன்று. "உங்கள் போனில் 7 வைரஸ்" என்று வருவது ஒரு தளம் அனுப்புகிற விளம்பரம். பிரவுசருக்குள் ஓடுகிற ஒரு தளத்தால் உங்கள் போனைத் துருவி வைரஸ் எண்ண முடியாது. அதைத் தட்டி, அது சொல்கிற அப்பை இறக்கினால்தான் உண்மையான கரைச்சல் தொடங்கும்.

டேட்டா எங்கே போகிறது

"அக்கா, நான் ஒண்டுமே பார்க்கேல்லை, ரீலோட் போட்டது முடிஞ்சுது" என்பது கிழமைக்கு ஐந்து தரமாவது கேட்கிற கதை. முதலில் யார் தின்றது என்று பார்க்க வேண்டும். போனின் சொந்த செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் என்று ஒரு இடம் இருக்கும். அங்கே எந்த அப் எவ்வளவு எடுத்தது என்று வரிசையாக நிற்கும். பெரும்பாலும் முதலிடம் வீடியோவுக்குத்தான், குரோம் அப்பாவி. ஆனால் குரோமும் மேலே நின்றால் கீழே உள்ளவற்றைச் செய்யுங்கள்.

நீங்கள் அடுத்து எதைத் தட்டுவீர்கள் என்று ஊகித்து, தட்டுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தை இறக்கி வைக்கிற பழக்கம் குரோமுக்கு உண்டு. பட்டணத்தில் அது நல்ல குணம். இங்கே அது கடன். செட்டிங்ஸ், பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி, பிரிலோட் பேஜஸ் என்று போய் நோ பிரிலோடிங் என்பதைத் தெரிவு செய்யுங்கள். பக்கம் திறக்க ஒரு கணம் கூட எடுக்கும். பரவாயில்லை.

அடுத்தது, புது டேப் திறந்தவுடன் கீழே படமும் தலைப்புமாக ஒரு செய்தித் தொடர் இறங்கும், டிஸ்கவர் என்று பெயர். நடிகைக்குக் கல்யாணமாம், இந்தக் கீரையைச் சாப்பிட்டால் சலரோகம் போகுமாம், இப்படி. பார்க்காவிட்டாலும் படங்கள் இறங்கும். அதற்கு அருகே உள்ள பற்சில்லு அடையாளத்தைத் தட்டி அணைத்துவிடலாம். சில போன்களில் பற்சில்லுக்குப் பதிலாகப் பென்சில் அடையாளம், அதற்குள்ளேயும் அதே சுவிட்ச் இருக்கும். டேட்டா ஒரு பக்கம், மனது ஒரு பக்கம், இரண்டுக்கும் நல்லது என்பது என் எண்ணம்.

முந்தி குரோமிலேயே டேட்டாவைச் சுருக்குகிற லைட் மோட் என்று ஒன்று இருந்தது. 2022 மார்ச்சில் குரோமின் 100ஆம் பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள். இன்னமும் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு "அந்த சுவிட்சைக் காணேல்லை" என்று வருகிறார்கள். தேடாதீர்கள், இல்லை. அந்த வேலைக்கு ஒபெரா மினி இருக்கிறது. அது பக்கத்தை நேரே உங்கள் போனுக்குக் கொண்டு வராமல், தன்னுடைய சேர்வரில் (அந்தக் கொம்பனியின் கொம்பியூட்டரில்) வாங்கிச் சுருக்கிப் பிறகு அனுப்பும். அதன் டேட்டா சேவிங்ஸுக்குள் போனால் படத்தின் தரத்தைக் குறைக்கலாம், படமே வேண்டாம் என்றும் விடலாம். சிக்னல் ஒரு கோட்டில் நிற்கிற இடத்தில் செய்தி வாசிக்க அதைப்போல் ஒன்றில்லை. ஒரேயொரு எச்சரிக்கை: மிக அதிகமாகச் சுருக்குகிற எக்ஸ்ட்ரீம் முறையில் உங்கள் பக்கம் இடையில் உள்ள சேர்வரில் பிரிக்கப்பட்டுத்தான் வருகிறது. ஆகவே வங்கி, ஈமெயில், பாஸ்வேர்ட் போடுகிற எதையும் அதில் திறக்காதீர்கள். அதற்குக் குரோம்.

விளம்பரத்தால் அலுத்துப்போனவர்களுக்கு, பயர்பொக்ஸ். அன்ரொயிட் குரோமில் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்க்கிற சின்னத் துணை நிரல், போட முடியாது, பயர்பொக்ஸில் முடியும். அதன் மூன்று புள்ளிக்குள் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதில் யூபிளொக் ஒரிஜினைச் சேர்த்தால் விளம்பரம் இறங்குவதே நின்றுவிடும், டேட்டாவும் மிஞ்சும். எங்கள் செய்தித் தளங்கள் விளம்பரத்தில்தான் ஓடுகின்றன என்பது எனக்கும் தெரியும். நம்பிக்கையான தளம் ஒன்றில் மட்டும் யூபிளொக்கை அணைத்து வைக்கலாம், அந்தத் தளத்துக்கு மட்டும் அது ஞாபகம் வைத்திருக்கும். ஆனால் மரண அறிவித்தல் பார்க்கப்போன அந்த அம்மாவின் போனில் நான் அணைக்கவில்லை.

எனக்கு இதில் ஆகப் பிடித்தது ஒரு சின்ன அம்புக்குறி. குரோமில் மூன்று புள்ளியைத் தட்டினால் மேல் வரிசையில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்பு ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற பக்கம் அப்படியே போனில் இறங்கிவிடும். பிறகு சிக்னல் இல்லாத இடத்திலும் மூன்று புள்ளி, டவுன்லோட்ஸ் என்று போய் வாசிக்கலாம். பாண்டியன்குளத்திலிருந்து வருகிற உயர்தரப் பிள்ளை ஒன்று கடையில் என் வைபையில் கடந்தகால வினாத்தாளும் குறிப்புமாகப் பதினைந்து பக்கத்தை இப்படி இறக்கிக்கொண்டு போகும். கிழமை முழுக்க வீட்டில் டேட்டா போடாமல் படிக்கும். பக்கத்துக்குள் இருக்கிற வீடியோ மட்டும் இறங்காது. எழுத்தும் படமும் இறங்கும்.

ஒரு போன், நாலு பேர்

போன வருசம் ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம், அவர்களின் வீட்டுப் போனிலேயே. முதலெழுத்தை அடித்தவுடன் குரோம் கெட்டித்தனமாக மற்றப் பெட்டிகளையும் நிரப்பிவிட்டது. பெயர் சரிதான் என்று கண்ணோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டோம். போன் நம்பர் மட்டும் கட்டாரில் இருக்கிற தமையனுடைய பழைய நம்பர். உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதைத் திருத்த இரண்டு கிழமை ஓடினோம்.

ஆகவே பொதுப் போன் என்றால் செட்டிங்ஸில் அட்ரஸஸ் அன்ட் மோர் என்பதற்குள் போய், சேவ் அன்ட் பில் அட்ரஸஸ் சுவிட்சை அணைத்து, ஏற்கெனவே சேர்ந்திருப்பவற்றையும் அழித்துவிடுங்கள். கையால் அடிக்க இரண்டு நிமிடம் கூடப் போகும். போகட்டும்.

பாஸ்வேர்டும் அப்படித்தான். கேட்டவுடன் சேவ் கொடுக்கிற கை எங்களுடையது. செட்டிங்ஸில் பாஸ்வேர்ட் மனேஜருக்குள் போனால் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம், வேண்டாததை அழிக்கலாம். அங்கேயே ஒஃபர் டு சேவ் பாஸ்வேர்ட்ஸ் என்ற சுவிட்சும் உண்டு. போன் உங்களுடையது மட்டும்தான், பூட்டும் போட்டிருக்கிறீர்கள் என்றால் சேமிப்பதில் பிழையில்லை. எல்லாத் தளத்துக்கும் பிறந்த திகதியையே பாஸ்வேர்டாக வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். நாலு பேர் எடுக்கிற போனில்தான் வேண்டாம்.

பொதுப் போனில் தன் அலுவலைத் தனியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்கொக்னிட்டோ டேப் இருக்கிறது. இன்கொக்னிட்டோ டேப் எல்லாவற்றையும் மூடியவுடன் போன் அதை மறந்துவிடும். பலருக்குத் தெரியாத ஒன்று: பிரைவசி அன்ட் செக்கியூரிட்டிக்குள் இன்கொக்னிட்டோ டேபைப் பூட்டுகிற சுவிட்ச் ஒன்று இருக்கிறது. குரோமை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் விரல் அடையாளம் கேட்கும். ஆனால் இன்கொக்னிட்டோ என்பது இந்தப் போனில் தடம் வைக்காது என்பது மட்டும்தான். சிம் கொம்பனிக்கும் நீங்கள் போன தளத்துக்கும் நீங்கள் வந்துபோனது தெரியும்.

என் கடையில் நடந்த பிழை

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சில வருசத்துக்கு முந்தி ஒரு பிள்ளை வேலை விண்ணப்பம் ஒன்றை ஈமெயிலில் அனுப்ப வந்தாள். அவசரத்தில் பாஸ்வேர்டைச் சேவ் பண்ணட்டுமா என்று கேட்டதற்கு நானே ஓம் கொடுத்துவிட்டேன். அவள் மெயிலை மூடாமல் ஜன்னலை மட்டும் மூடிவிட்டு பஸ் பிடிக்க ஓடிவிட்டாள். அடுத்து இருந்த பெடியன் மெயில் பார்க்கத் திறந்தால் அவளுடைய கடிதமெல்லாம் வரிசையாக நிற்கின்றன. அவன் நல்ல பெடியன், "அக்கா, இது ஆற்றையோ" என்று கூப்பிட்டுக் காட்டினான். வேறு ஒருவனாக இருந்திருந்தால்?

அன்றிரவே கடைக் கொம்பியூட்டர் இரண்டையும் மாற்றினேன். குரோமில் மேல் மூலையில் ஆளின் படம் போட்ட வட்டம் இருக்கும், அதைச் சொடுக்கி கெஸ்ட் என்பதைத் தெரிவு செய்தால் ஒரு புது ஜன்னல் வரும். அதை மூடியவுடன் உள்ளே நடந்ததெல்லாம் போய்விடும், பாஸ்வேர்டும் தங்காது. இன்னொரு கொம்பியூட்டரில் பயர்பொக்ஸ். அதன் பிரைவசி அன்ட் செக்கியூரிட்டியில், மூடும்போது குக்கியையும் (தளம் உங்களை ஞாபகம் வைக்க விட்டுப்போகிற சின்னப் பதிவு) தளத் தரவையும் அழிக்கச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது, அதற்குச் சரி போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் கெஸ்ட் ஜன்னல் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் கொன்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அமத்தி இன்கொக்னிட்டோவை நீங்களே திறவுங்கள். பயர்பொக்ஸ் என்றால் என்னுக்குப் பதில் பி.

ஒன்றை மட்டும் கெஸ்டும் அழிக்காது: நீங்கள் இறக்கிய பைல். அடையாள அட்டையின் இரண்டு பக்கம், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் டவுன்லோட்ஸ் போல்டரில் கிடக்கும். பிரின்ட் எடுத்து முடிந்ததும் நீங்களே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் வெறுமையாக்கிவிட்டு எழும்புங்கள். நானும் கடை பூட்டும்போது ஒருதரம் கூட்டுவேன், முற்றம் கூட்டுகிற மாதிரி.

வெளியே எங்கேயோ மெயிலை மூடாமல் வந்துவிட்டீர்கள் என்று நடுவழியில் ஞாபகம் வந்தால் திரும்பி ஓடத் தேவையில்லை. போனில் உங்கள் கூகிள் கணக்கைத் திறந்து, செக்கியூரிட்டிக்குள் யுவர் டிவைசஸ் என்று பாருங்கள். அந்தக் கொம்பியூட்டர் அங்கே நிற்கும், தட்டி சைன் அவுட் கொடுத்தால் முடிந்தது.

சிங்களத்தில் மட்டும் இருக்கிற பக்கம்

சுற்றுநிருபமோ அறிவித்தலோ, மூன்று மொழியிலும் இருக்க வேண்டியது சில வேளை ஒரு மொழியில் மட்டும் இருக்கும். அதைப்பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. செய்யக்கூடியது: மூன்று புள்ளிக்குள் டிரான்ஸ்லேட் என்பதைத் தட்டுங்கள். கீழே வருகிற பட்டையில் ஆங்கிலம் நின்றால், பக்கத்தில் உள்ள புள்ளிகளுக்குள் மோர் லாங்குவேஜஸ் என்று போய்த் தமிழைத் தெரியுங்கள். அங்கேயே, சிங்களப் பக்கம் என்றால் எப்போதும் மொழிபெயர் என்றும் சொல்லி வைக்கலாம்.

வருகிற தமிழ் விஷயத்தை விளங்கப் போதும், அதற்குமேல் நம்பாதீர்கள். ஆட்பெயரையும் ஊர்ப்பெயரையும் சாதாரணச் சொல் என்று நினைத்துப் பிரித்து மொழிபெயர்த்துவிடும். "வேண்டும்", "வேண்டாம்" இடம் மாறியும் நான் பார்த்திருக்கிறேன். முடிவுத் திகதி, கட்டணம், படிவ இலக்கம் மூன்றையும் மூலப் பக்கத்துக்குத் திரும்பி ஒருதரம் பாருங்கள், இலக்கம் எந்த மொழியிலும் ஒன்றுதான். மொழிபெயர்த்த நிலையில் படிவத்தை நிரப்பி அனுப்பவே வேண்டாம். மூலப் பக்கத்துக்கு வந்து, பெட்டிகளின் வரிசையை ஞாபகம் வைத்து நிரப்புங்கள். ஸ்கேன் பண்ணிப் போட்ட கடிதம் என்றால் டிரான்ஸ்லேட் வேலை செய்யாது, அது படம். கூகிள் லென்ஸில் காட்டிப் பாருங்கள்.

படிவம் போனில் குழம்பி, அனுப்புகிற பட்டன் திரைக்கு வெளியே போய் நின்றால் மூன்று புள்ளிக்குள் டெஸ்க்டொப் சைட் என்ற கட்டத்துக்குச் சரி போடுங்கள். எழுத்து எறும்பு மாதிரி வரும், விரலால் பெருப்பித்து அலுவலை முடிக்கலாம். பட்டனைத் தட்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் பொப்அப் தடுக்கப்பட்டிருக்கும். ரசீது, அனுமதி அட்டை எல்லாம் புது ஜன்னலில்தான் திறக்கும். திரையின் ஓரத்தில் "பொப்அப் பிளொக்ட்" என்று ஒரு வரி வந்து மறையும், அதைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எல்லாத் தளத்துக்கும் திறந்துவிட்டால் அந்த அம்மாவின் கதைதான்.

எல்லாத் தளமும் சிவப்பாக வந்தால்

துணுக்காயிலிருந்து ஒரு சேர் தன்னுடைய மேசைக் கொம்பியூட்டரைச் சீற்றோடு கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வருகிறதாம். குரோமை அழித்துத் திரும்பப் போட்டாராம், விண்டோஸையும் போட்டாராம். நான் திரையின் கீழ் மூலையைப் பார்த்தேன். திகதி 2009 ஜனவரி 1.

ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கொம்பியூட்டர் தான் இன்னும் 2009 இல் நிற்பதாக நினைத்தால், உலகத்தில் உள்ள எல்லாச் சான்றிதழும் அதற்குச் செல்லாதவையே. மதர்போர்டில் உள்ள சீஆர் 2032 என்ற காசு மாதிரி பற்றறி செத்துவிட்டால், கரண்ட் போகிற ஒவ்வொரு தரமும் மணிக்கூடு பின்னுக்குப் போய்விடும். பற்றறியை மாற்றினேன், திகதியைத் திருத்தினேன், நேரவலயத்தைக் கொழும்பு 5.30 என்று வைத்தேன். ஐந்து நிமிட வேலை. சேருக்குத்தான் மனம் கேட்கவில்லை, விண்டோஸ் போட்ட காசை நினைத்து.

திகதி சரியாக இருந்தும் ஒரு தளம் மட்டும் சிவப்பாக வந்தால் அது வேறு விஷயம். அந்தத் தளத்தில் பாஸ்வேர்ட் போடாமல் திரும்பி வாருங்கள்.

பழைய மெசினைப் பற்றியும் கேட்பார்கள். விண்டோஸ் 7 இல் குரோம் 109 தான் கடைசி, அது 2023 ஜனவரியில் வந்தது. அதற்குமேல் அந்த மெசினில் குரோம் வளராது, பயர்பொக்ஸின் 115 இஎஸ்ஆர் (நீண்டகாலம் திருத்தம் தருகிற) பதிப்பு ஓரளவு கை கொடுக்கும். போன் என்றால் 2025 ஓகஸ்டில் வந்த குரோம் 139 இலிருந்து அன்ரொயிட் 10 வேண்டும். பழைய போனில் இருக்கிற குரோம் வேலை செய்யும், புதுத் திருத்தம் மட்டும் வராது. அதில் வங்கி அலுவல் பார்க்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

எழுத்துச் சின்னதாக இருந்தால் செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டிக்குள் அளவைக் கூட்டுங்கள், 130 வைத்தால் மூக்குக்கண்ணாடி இல்லாமல் வாசிக்கலாம். பெருப்பிக்க விடாத தளங்களும் உண்டு. அதற்கு அங்கேயே போர்ஸ் எனேபிள் சூம் என்ற சுவிட்ச். கொம்பியூட்டரில் கொன்ட்ரோலும் கூட்டல் குறியும், திரும்பிப் பழைய அளவுக்கு வரக் கொன்ட்ரோலும் பூச்சியமும்.

கடைசியாக டேப். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போனை நீட்டி, "பிள்ளை, இது என்னைப் பார்த்துச் சிரிக்குது" என்றார். உண்மைதான். குரோமின் மேலே உள்ள சின்னச் சதுரத்துக்குள் திறந்திருக்கும் டேபின் எண்ணிக்கை நிற்கும். 99 ஐத் தாண்டினால் எண்ணை விட்டுவிட்டு ஒரு சிரித்த முகத்தைக் காட்டும். ஐயா ஒன்றையும் மூடினதே இல்லை. சதுரத்தைத் தட்டி, அங்குள்ள மூன்று புள்ளிக்குள் குளோஸ் ஓல் டேப்ஸ் கொடுத்தால் ஒரேயடியாகப் போய்விடும். அதற்கு முன் வேண்டியதற்கு நட்சத்திரம் போட்டுவிடுங்கள், அது புக்மார்க்கில் நிற்கும். பெறுபேறு, ரசீது போன்ற பக்கத்துக்கு நட்சத்திரம் போதாது, திரும்பத் திறக்கும்போது வெறும் பெட்டிதான் வரும். ஷெயார், பிரின்ட், சேவ் அஸ் பிடிஎப் என்று போய் பைலாக எடுத்து வையுங்கள்.

மூடப்போகும்போது ஐயா கையைப் பிடித்தார். ஒன்றை மட்டும் விடச் சொன்னார். மகளின் உயர்தரப் பெறுபேறு பார்த்த டேப். தட்டிப் பார்த்தேன், சுட்டெண் கேட்கிற வெறும் பெட்டிதான் நின்றது. "இதுக்குள்ள ஒண்டும் இல்லை ஐயா, பிரின்ட் இருக்குத்தானே?" என்றேன். பிரின்ட் என் கடையிலேயே எடுத்ததாம், வீட்டில் பைலில் இருக்கிறதாம். "இருந்தாலும் கிடக்கட்டும்" என்றார். மற்ற எல்லாவற்றையும் மூடினேன். இப்போது அந்தச் சதுரத்துக்குள் 1 என்று நிற்கிறது.